கங்குலி இல்லாத கொல்கத்தா

கோவளம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் திருவிடந்தை. நித்ய கல்யாணப் பெருமாள் கோயிலில் கழுத்தில் மாலையோடு ஒன்பது சுற்று வருபவர்களுக்குத் தெரியும், வரன் அமைவது எவ்வளவு பாடு என்று. ஐ.பி.எல். ஏலமும் அதே கதைதான். என்ன, இங்கே பழைய மாப்பிள்ளையை அனுப்பிவிட்டுப் புது மாப்பிள்ளை தேடுவார்கள்!

கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அதைத்தான் செய்தது. முதல் மூன்று சீஸன்களில் ஆறு, எட்டு, மறுபடி ஆறாவது இடம். ஷாரூக் கான் இருந்தும் கோப்பைப் பக்கமே போகவில்லை. 2011 ஏலத்துக்கு முன்பு நிர்வாகத்துக்கு வந்தார் வெங்கி மைசூர். கிரிக்கெட் உலகத்துக்குப் புதியவர். இன்ஷூரன்ஸ் துறையிலிருந்து வந்தவர். சென்னை, தோனி உட்பட நான்கு பேரைத் தக்கவைத்துக்கொண்டது. கொல்கத்தா ஒருவரைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. கங்குலியையும்தான்!

பெங்களூரு ஏலத்தில் கம்பீருக்கு 24 லட்சம் டாலர் கொடுத்தார்கள். கங்குலி பெயர் வந்தபோது ஒரு கைகூட உயரவில்லை. வங்காளம் கொதித்தது. ‘தாதா இல்லையேல் கே.கே.ஆர். இல்லை’ என்று ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். சொந்த ஊர்ப் பிள்ளையை ஊர்ப் பெயரில் இருக்கும் அணியே வேண்டாம் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? கணக்கு சரி, மனசுக்குத்தான் சரியில்லை.

அந்த சீஸனில் நான்காவது இடம். கடைசி லீக் ஆட்டத்தில், கடைசி ஓவரில் மும்பைக்கு 21 ரன் தேவை. பந்து நம்ம பாலாஜி கையில். ஃப்ராங்க்ளின் வரிசையாக நான்கு பவுண்டரி, கடைசிப் பந்தில் ராயுடு சிக்ஸர். மூன்றே நாளில் எலிமினேட்டரிலும் அதே மும்பையிடம் தோல்வி.

மறு வருஷம் மே 5. ஈடன் கார்டனில் புனே கேப்டனாக வந்து நின்றார் கங்குலி! கேலரியே இரண்டுபட்டது. கொல்கத்தா 7 ரன்னில் ஜெயித்தது.

மே 27, சேப்பாக்கத்தில் ஃபைனல். சென்னை 190. பாலாஜிக்குக் காயம், பிரெட் லீயை எடுக்க மெக்கல்லமை உட்கார வைத்தார்கள், அந்த இடத்தில் வந்தவர் பிஸ்லா. 48 பந்தில் 89! கடைசி ஓவரில் 9 ரன் தேவை. பிராவோ பந்தில் அடுத்தடுத்து இரண்டு பவுண்டரி அடித்து முடித்தார் மனோஜ் திவாரி. அவர் வங்காளத்துப் பையன்.