வேரைப் பிடுங்கிப் பார்க்கும் தோட்டக்காரர்

2024 மார்ச் 1ஆம் நாள். பஹ்ரைனில் ஃபார்முலா ஒன் தகுதிச் சுற்று முடிந்தபொழுது, அல்பீன் அணியின் இரு கார்களும் இருபதனுள் கடைசி இரண்டு இடங்களில் நின்றன. மறுநாள் பந்தயத்திலும் ஒரு புள்ளியும் கிட்டவில்லை. அடுத்து வந்த செய்தி: தொழில்நுட்ப இயக்குநர் மேட் ஹார்மனும் காற்றியக்கப் பிரிவின் தலைவர் டிர்க் டி பீரும் பதவி விலகினர்.

ஓடாத காரைச் செய்தவர் தாமே ஓடிவிட்டார் என எள்ளி நகையாடுவது எளிது. அந்நகைப்பில் எனக்கு உடன்பாடில்லை.

கார் மெதுவாக ஓடினால் அதனை வடிவமைத்தவர் விடையிறுக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்களை ஆட்டிவைத்த மேலிடம் எதனை இழந்தது? 2023 ஜூலையில், பருவத்தின் நடுவிலேயே, அணித்தலைவர் ஓட்மார் சாஃப்னவரும், முப்பதாண்டுக்கு மேல் அங்கு உழைத்த ஆலன் பெர்மேனும் வெளியேற்றப்பட்டனர். அதே மாதம் தலைமை நிர்வாகி லோரன் ரோசியும் மாற்றப்பட்டார். அடுத்துத் தலைமையேற்ற புரூனோ ஃபமின் ஓராண்டில் நீங்கினார். அவர்பின் வந்த ஆலிவர் ஓக்ஸ், சொந்தக் காரணம் கூறி 2025 மே மாதம் விலகினார். இவ்வாறு தலை மாறிக்கொண்டே இருந்தால் கை எவ்வாறு வேலை செய்யும்?

மாற்றத்தால் பயன் விளைந்ததே என்பர் சிலர். 2024 நவம்பரில், பிரேசிலில், இரண்டாம் மூன்றாம் இடங்களை அவ்வணி பெற்றது மெய். அது கொட்டும் மழையில் கிட்டிய பேறு. 2025இன் முடிவில் பத்து அணிகளுள் பத்தாவதாக நின்றதும் மெய்யன்றோ?

இதற்கு நேர்மாறான பாடமும் அதே தொழிற்கூடத்தில் உண்டு. இங்கிலாந்தின் என்ஸ்டோன் கூடம் பெனட்டன் அணிக்குரியதாய் இருந்த காலத்தில், ஷூமாக்கர் 1994, 1995 ஆகிய ஈராண்டும் பட்டம் வென்றார். அக்கார்களை உருவாக்கிய ராஸ் பிரானும் ரோரி பர்னும் பின்னர் ஃபெராரிக்குச் சென்றனர். அங்கு ழான் டாட் 1993இல் தலைமையேற்றிருந்தார். ஓட்டுநர் பட்டமோ 2000இல்தான் கைகூடியது. ஏழாண்டுப் பொறுமை! அதன் விளைவு, தொடர்ந்து ஐந்து பட்டங்கள்.

பள்ளியிலும் இதுவே என் பட்டறிவு. தேர்வு முடிவு வந்தவுடன் ஆசிரியரை மாற்றத் துடிக்கும் நிருவாகத்தார், பிள்ளைகளின் அடுத்த ஆண்டையும் சேர்த்தே பாழாக்குகின்றனர். நட்ட செடியை நாள்தோறும் பிடுங்கி வேர் பார்ப்பவன் கனியை எதிர்பார்க்கலாகாது. செடி பட்டுப்போனால் மண்ணைப் பழிப்பதும் அவனுக்கு முறையன்று.