காத்தாடிக்காட்டுக்கு ஒரு பிரேக்கர்

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இன்னொரு லைன் ஃபாலோயர் ரோபோ வேண்டாம் மக்களே, டிசி பிரேக்கரை எடுங்க.

நம்ம ஏசி கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும். பிரேக்கர் திறந்தா ஆர்க் அங்கேயே அணையும். டிசி-யில் அந்தப் பூஜ்யமே கிடையாது. நாமதான் உண்டாக்கணும், அதுவும் சில மில்லி செகண்டுக்குள்ள. 2021-ல் வந்த புகளூர்–திருச்சூர் ±320 கிலோவோல்ட் டிசி இணைப்புக்கு ரெண்டே நிலையம். ஃபால்ட்டுன்னா மொத்தமா நிறுத்திக்கலாம். நாளைக்கே கயத்தாறு காத்தாடிகளையும் கோவில்பட்டி கரிசக்காட்டு சோலாரையும் ஒரே டிசி கிரிட்ல கோத்தா? ஒரு லைன் பழுதுக்கு எல்லாமே படுத்துடும். சீனாவில் ஜாங்பெய் கிரிட் 2020-லேயே நாலு நிலையங்களை பிரேக்கர்களோட இணைச்சிடுச்சு.

நமக்கு லேப்ல 48 வோல்ட், ஒரு மாஸ்ஃபெட், ஒரு வேரிஸ்டர் போதும். வேரிஸ்டரை மட்டும் விட்டுடாதீங்க. இண்டக்டர்ல தேங்கின எனர்ஜி மாஸ்ஃபெட்டைப் பொசுக்கிடும்.