வீட்டு மூலையில் ஒரு தமிழ் நூலகம்

கடல் கடந்து வந்து இத்தீவில் குடியேறிய நாம், நம் மக்களுக்குத் தமிழ் கற்பித்தல் வேண்டும் என ஆண்டு மலர்கள்தோறும் எழுதி வருகின்றோம். வேண்டுவதே. ஆயினும் வார இறுதியில் வகுப்பறையில் ஒலிக்கும் தமிழ், வீடு திரும்பியதும் திரைகளின் முன்னே வாயடைத்துப் போகின்றதே, அதற்கு என் செய்வது? திரையைப் பறித்து வைத்தல் ஒரு வழி. அவ்வழி எத்தனை நாள் செல்லும் என்பதைப் பெற்றோர் அறிவர். திரைக்குப் பின்னால் இருக்கும் கணினியைப் பிள்ளைகளே அமைக்கட்டும், அக்கணினியில் தமிழ் குடியிருக்கட்டும் என்பதே எமது கருத்து.

இதற்கு ஏற்ற கருவி ராஸ்பெரி பை எனும் ஒற்றைப் பலகைக் கணினி. 2012ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆம் நாள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. நீளம் 85 மில்லிமீற்றர், அகலம் 56 மில்லிமீற்றர். சட்டைப் பையில் அடங்கும். தொடக்க விலை 35 அமெரிக்க டொலர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குக் கணினியியல் கற்க விண்ணப்பிப்போரின் தொகையும் திறனும் குன்றி வருவதைக் கண்ட எபன் அப்டனும் அவர்தம் நண்பர்களும், பிள்ளைகள் அச்சமின்றிக் கழற்றிப் பூட்டிப் பார்க்கத்தக்க மலிவான கணினி ஒன்று வேண்டும் என எண்ணியதன் விளைவே இது. பின்வந்த மாதிரிகளுள் சில விரைவும் விலையும் கூடியவை. வீட்டுத் தேவைக்குப் பழைய மாதிரியே போதும். ஒரு சிறு மின்குமிழ் அளவு மின்சாரமே உண்ணும்.

அமைக்கும் முறை கடினமன்று. மெமரி கார்டு ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தை எழுதிப் பலகையிற் செருகி, வீட்டு ரௌட்டருடன் ஒரு கம்பியால் இணைத்தல் வேண்டும். ரௌட்டர் அதற்கு ஓர் எண் முகவரி வழங்கும். அம்முகவரி மாறாதிருக்குமாறு ரௌட்டரிலேயே குறித்துவிட்டால், வீட்டிலுள்ள எந்தக் கைபேசியிலும் அவ்வெண்ணை இட்டதும் நம் நூலகம் திறக்கும். இணையத் தொடர்பு அறுந்த நாளிலும் திறக்கும்.

அதனுள் எதை வைப்பது? இங்கேதான் நாம் பெரும் செல்வர். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிற்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், சங்க நூல்கள் முதலாகப் பல நூறு நூல்களைத் தட்டெழுதி வழங்குகின்றது. முகப்புப் பக்கத்தை நீக்காமல் எவரும் படியெடுத்துப் பகிரலாம். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் உண்டு. ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட கட்டுரைகள் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவைக் கிவிக்ஸ் எனும் இலவச மென்பொருள் கொண்டு முழுவதுமாக இறக்கி வைக்கலாம். (திரைப்படங்களை இறக்கி நிரப்புவதற்கு நாம் வழி சொல்லவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க!)

இவற்றினும் அரியன நம் வீடுகளிலேயே உள. அம்மம்மாவின் தாலாட்டைப் பதிந்த ஒலிநாடா, ஊர்க்கோயில் தேர்த்திருவிழாப் படம், அப்பப்பா கைப்பட எழுதிய கடிதம் ஆகியவற்றுக்கு உலகில் வேறு படி இல்லை. படத்தில் நிற்பவர் யார் எனத் தமிழில் தலைப்பிட வேண்டுமாயின், பிள்ளை அம்மம்மாவிடம் தமிழிலேயே கேட்டாக வேண்டும். பாடநூல் எதுவும் தராத பயிற்சி இது.

“எல்லாவற்றையும் பெரிய நிறுவனங்கள் தம் கணினிகளிற் காத்துத் தருகின்றனவே, நமக்கேன் இவ்வேலை?” என்பார் உளர். இலட்சக்கணக்கானோர் தம் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிற்றீஸ் 2009இல் மூடப்பட்டதை அவர்கள் மறந்திருக்கலாம். பிறர் வீட்டுப் பரணில் வைத்த பொருளுக்கு வீட்டுக்காரர் மனமே காவல். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பிக்க முடிந்தது, எவரெவரோ தம் இல்லங்களில் ஏடுகளைப் படியெடுத்து வைத்திருந்தமையால் அன்றோ? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் மீளாமலே போயின.

ஆகவே ஒரு பலகையோடு நிறைவடைதல் தவறு. மெமரி கார்டு எழுதி எழுதித் தேயும் இயல்பினது. 2023 சனவரி 27இல் ஓக்லாந்தில் பெய்த பெருமழையில் மவுண்ட் ரொஸ்கில், மாங்கரே முதலிய இடங்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்ததை நாம் அறிவோம். நீருக்கு ஏடும் ஒன்று, கணினியும் ஒன்று. எனவே ஒரு படி வன்தட்டில், மற்றொரு படி வேறு ஊரில் வாழும் உறவினர் வீட்டில் இருத்தல் வேண்டும். ரொறன்ரோவில் சித்தி இருப்பதன் பயன் இதுவுமாகும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. வெளியுலகிலிருந்து இந்நூலகத்தை அடைவதற்காக ரௌட்டரின் வாயிலைத் திறந்து விடுதல் ஆகாது. வீட்டுக்குள் பயன்பட அது தேவையுமில்லை. பழைய கையேடுகள் கூறும் ‘பை’, ‘ராஸ்பெரி’ என்ற பெயரையும் கடவுச்சொல்லையும் இன்றும் வைத்திருப்பது, கதவைப் பூட்டித் திறப்பைக் கால்மிதியின் கீழ் வைப்பதற்கு ஒப்பாகும். இதே பலகையில் பை-ஹோல் என்னும் மென்பொருளை நிறுவினால் விளம்பரத் தளங்கள் பலவற்றை வீட்டு வாயிலிலேயே மறிக்கலாம். யூடியூப் விளம்பரங்கள் மட்டும் அதற்கு அடங்கா.

நம் பெற்றோருள் கணினித் துறையில் பணிபுரிவோர் பலர். அவர்களுள் இருவர், ஒரு தவணைக்கு மட்டும், வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம் மேல்வகுப்பு மாணவருடன் அமர முன்வருவாராயின், ஆண்டிறுதிக்குள் பத்து வீடுகளிலேனும் இப்பலகை இயங்கும். பலகை வந்துசேரும்வரை காத்திருக்கவும் வேண்டா. பெட்டிக்குள் கிடக்கும் ஒலிநாடாக்களை இவ்வார இறுதியிலேயே வெளியே எடுங்கள். அவற்றின் காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு உதிர்ந்து வருகின்றது.