ஒளிந்து வாழ் என்பது அடைக்கலமா?

உயிருக்கு ஆபத்தென்று தேசம் விட்டு ஓடிவந்து நிற்கும் ஒருவனைப் பார்த்து, “உன் குணத்தை வெளியில் காட்டாமல் அடக்கமாய் இருந்தால் உன்னை யார் என்ன செய்யப் போகிறார்கள்? திரும்பிப் போ” என்று சொல்வது நியாயமாகுமா என்று கேட்கின்றோம். ஆணை விரும்பும் ஆணுக்கும், பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும் இந்த உபதேசந்தான் வெகுகாலம் தீர்ப்பாக வழங்கப்பட்டு வந்தது.

ஈரான் தேசத்தார் ஒருவரும் காமரூன் தேசத்தார் ஒருவரும் இங்கிலாந்தில் அடைக்கலம் கேட்டார்கள். ஈரானில் இதற்கு மரண தண்டனை வரை உண்டு, காமரூனில் சிறை. அப்படியிருந்தும், ஒளிவு மறைவாய் வாழ்ந்துகொள்ளலாமென்று கீழ்க் கோர்ட்டுகள் அவர்கள் மனுவைத் தள்ளிவிட்டன. 2010 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 5 ஜட்ஜுகளும் ஒருமுகமாய் அந்த வாதத்தை நிராகரித்தார்கள். அடிக்குப் பயந்து ஒருவன் தன்னை மறைத்துக்கொள்ள நேருமானால், அந்தப் பயமே அவன் அகதி என்பதற்கு ருசுவாகும் என்பதுதான் அத்தீர்ப்பின் சாரம். 1951-ஆம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தின் கருத்தும் இதுவேயன்றி வேறென்ன?

நிற்க, இதன் பின்னும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் சும்மா இருக்கவில்லை. “நீ அப்படிப்பட்டவன்தான் என்பதற்கு அத்தாட்சி எங்கே?” என்று கேட்கத் தொடங்கினார்கள். ஹங்கேரியில் அடைக்கலம் கேட்ட நைஜீரியர் ஒருவரின் வாக்குமூலத்தில் பெரிய முரண் இல்லையென்று ஒப்புக்கொண்டே, அவரை மனோதத்துவ நிபுணரிடம் அனுப்பினார்கள். மழையில் நிற்கும் மனிதனை வரையச் சொல்லுவதும், மைக்கறையைக் காட்டி “இது என்ன?” என்பதும் அங்கே பரீட்சை! இதற்கும் நம்மூர் கிளி சோதிடத்துக்கும் என்ன வித்தியாசம்? கிளி சீட்டெடுத்தால் மூடநம்பிக்கை, பட்டம் பெற்றவர் எடுத்தால் சாஸ்திரமா? 2018 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம், இத்தகைய பரீட்சையைக் கொண்டு ஒருவரின் இயல்பைத் தீர்மானிக்கக் கூடாதென்று சொல்லிற்று.

“இதெல்லாம் அந்நிய தேசத்து வழக்கம்” என்று கூச்சலிடுவோரும் உண்டு. உகண்டாவில் 2023-இல் செய்த சட்டம் ஆயுள் சிறையும், சில சந்தர்ப்பங்களில் மரண தண்டனையும் விதிக்கின்றது. அங்கிருந்து தப்பிப் பலர் ஓடுவது அண்டையிலுள்ள கென்யாவுக்கு. அங்கேயோ 14 வருஷச் சிறை என்கிற சட்டம் இருக்கின்றது. 2019-இல் அந்நாட்டு ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. இச்சட்டங்களின் வேர் வெள்ளைக்காரன் ஆட்சியில் நட்டது. நமது 377-ஆவது பிரிவும் அவன் 1860-இல் எழுதி வைத்ததே. வயது வந்தோர் மனமொத்து வாழ்வதை அது தண்டிக்கக் கூடாதென்று சொல்ல, 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே அந்நிய தேசத்துச் சரக்கு அன்பா, அல்லது அதைத் தண்டிக்கிற சட்டமா?

அன்றியும், அடைக்கலச் சீட்டு கையில் கிடைத்த மாத்திரத்தில் வாழ்வு வந்துவிடுவதில்லை. மற்ற அகதிக்குத் தன் ஊராரே துணை. இவனுக்கோ ஊரார் கூடுமிடமே பயம். மொழிபெயர்க்க வருபவரும் தன் தேசத்தாராய் இருந்தால் வாய் திறக்கவும் அஞ்சுகிறான். பெற்றோரின் கடிதமும் வராது. கனடாவில் குடிமக்களே கூட்டாய்ப் பொறுப்பேற்று அகதிகளை வரவழைத்து, ஓராண்டு வரை வீடும் உணவும் கொடுத்து ஆதரிக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கின்றது. 2011-இல் இம்மக்களுக்கென்றே அப்படி ஒரு தனித் திட்டமும் தொடங்கினார்கள். கூப்பிட்டால் வர நாலு பேர் இருப்பதுதான் புது வாழ்வுக்கு அஸ்திவாரம்.

நாம் கேட்பது தர்மமல்ல, இரக்கமுமல்ல. தலை நிமிர்ந்து, இன்னான் நான் என்று சொல்லி வாழ இடமிருந்தால் அது அடைக்கலம். வாயை மூடிக்கொண்டு உயிரோடிரு என்றால், அது சிறையைப் பெயர் மாற்றிக் கொடுப்பதேயாகும்.