வெட்டாமல் அறியும் வித்தை

மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையை நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். வாங்க வருகிறவர் ஆட்டின் முகத்தைப் பார்ப்பதில்லை. முதுகை அழுத்திப் பார்க்கிறார். தண்டெலும்பின் இரு பக்கமும் சதைப்பிடிப்பு எப்படி என்பதை விரல்களே சொல்லிவிடுகின்றன. இந்த விரல் சாஸ்திரத்தை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் அவ்விரல்கள் தேர்ந்தெடுத்த நல்ல கிடாய் எங்கே போகிறது? கசாப்புக் கடைக்குத்தான். விலை போகாத நோஞ்சான் கிடாய் மந்தையில் தங்கித் தகப்பனாகிறது!

சதையின் கனமும் கொழுப்பின் அளவும் வெட்டிய பிறகே திட்டமாகத் தெரியும். தெரிந்த பிறகு இனம் பெருக்க ஆடு ஏது? இந்தச் சங்கடத்தைத் தீர்க்க ஒரு யந்திரம் உண்டு. கர்ப்பிணிகளுக்குச் செய்யும் 'ஸ்கான்' முறைதான் அது. மனிதச் செவி விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையில் கேட்கும். இக்கருவியோ பல லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை உடலுக்குள் செலுத்துகிறது. தோல், கொழுப்பு, தசை ஆகியவை ஒன்றையொன்று சந்திக்கும் இடந்தோறும் எதிரொலி எழுந்து திரையில் படமாகிறது. முதுகில், 12-ஆம் 13-ஆம் விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்து, தசையின் ஆழத்தையும் கொழுப்பின் கனத்தையும் அளந்துவிடலாம். ஆட்டுக்கு நோவில்லை. ஆஸ்திரேலியாவில் 1989-இல் ஆரம்பித்த 'லாம்ப்பிளான்' திட்டம் இவ்வளவுகளைக் கொண்டு இனவிருத்திக்குரிய கிடாய்களைத் தரம் பிரிக்கிறது. பெருத்த குட்டிக்கு இயல்பாகவே தசை ஆழம் மிகுதி; ஆகையால் வயதையும் எடையையும் கணக்கிட்டே ஒப்பிடவேண்டும். இக்குணங்கள் ஓரளவு பரம்பரையாக இறங்குவதால், அளந்து தேர்ந்தால் தலைமுறைக்குத் தலைமுறை மந்தை முன்னேறும்.

இதனால் நெல்லைச் சீமைக்கு என்ன லாபம்? 1986-இல் தூத்துக்குடி ஜில்லா பிரியுமுன் திருநெல்வேலியைச் சேர்ந்திருந்த வேம்பூர், தன் பெயரால் ஒரு செம்மறி இனத்தையே வழங்கியிருக்கிறது. வெள்ளை மேனியில் செந்நிறத் திட்டுகள் கொண்ட அந்த ஆடு கம்பளிக்கல்ல, இறைச்சிக்கே வளர்க்கப்படுவது. குறுமயிராதலால் கருவி தோலில் படிவது எளிது. இடையில் காற்றுப் புகாதபடி சிறிது பசை தடவினால் போதும்.

ஆனால் யந்திரம் மட்டும் வந்து பயனில்லை. அறுவடையான தாமிரபரணி வயல்களில் கிடை போடும் கீதாரி, வீட்டில் அவசரச் செலவு வந்தால் முதல் தரமான கிடாயைத்தான் விற்கிறார். அதற்குத்தானே நல்ல விலை! அவரைக் குறை கூற நமக்கு வாய் இல்லை. ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. யந்திரம் கிடைக்கே வரட்டும். அளந்து தேர்ந்த கிடாய்க்குக் கசாப்புக்காரர் கொடுப்பதைவிட ஒரு ரூபாயாவது கூடக் கிடைக்கட்டும். அன்றுதான் நல்ல கிடாய் கத்திக்குத் தப்பும். கீதாரியும் கடனுக்குத் தப்புவார்.