சங்கிலி சாய்ந்தால் பளு கூடும்

காலையில் வானொலியில் என் குரலைக் கேட்டபடி கோப்பெங் பட்டறைகளுக்குக் கிளம்பும் தம்பிமார்களே, ஒரு சின்னக் கணக்கு. ஒரு டன் இயந்திரத்தை இரண்டு கால் சங்கிலியில் தூக்கினால், காலுக்கு அரை டன்தானே? இல்லை. சங்கிலி படுக்கைக்கோட்டுக்கு 60 பாகையில் நின்றால், ஒவ்வொரு காலிலும் சுமார் 580 கிலோ. 30 பாகைக்குச் சாய்ந்தால், காலுக்கு ஒரு முழு டன்!

உலோகக் கலவைச் சங்கிலியின் வளையத்தில் 8 அல்லது 10 என்ற தர எண்ணைப் பாருங்கள். கொக்கியும் இணைப்பு வளையமும் அதே அளவு, அதே தரத்தில் இருக்கட்டும். சாதாரண போல்ட்டு மாட்டி இணைக்காதீர்கள், முடிச்சும் போடாதீர்கள். பளு அளவு பொறித்த தகடு இல்லையா? தூக்காதீர்கள்.

முதலாளியிடம் சொல்லியும் உடனடி ஆபத்து நீங்காவிட்டால் விலகிக்கொள்ளும் உரிமையை, 2024 ஜூன் முதல் நடப்பிலுள்ள சட்டத் திருத்தம் தொழிலாளிக்குத் தருகிறது. அவசரம் முதலாளிக்கு, பக்கத்தில் நிற்பது நீங்கள்.