30 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் 130 டாலர் விட்ட கதை: பெயிண்ட்பாலுக்கு சிஓ2வா, காத்தா?

ஆன்சைட் போற நம்ம பசங்க நிறைய பேர் செய்ற ஒரு செலவு இருக்கு. டீமோட ஒரு சனிக்கிழமை பெயிண்ட்பால் ஆடப் போவோம். ரொம்பப் பிடிச்சுப் போகும். அடுத்த சம்பளத்துலயே சொந்தமா மார்க்கர், அதாங்க அந்தத் துப்பாக்கி, வாங்கிடுவோம். டெக்சாஸ்ல இருந்தப்போ நானும் அதைத்தான் செஞ்சேன்.

மார்க்கர் வாங்கினா குண்டைத் தள்ள ஒரு டேங்க் வேணும். கடையில ரெண்டு வகை இருந்துச்சு. கார்பன் டை ஆக்சைடு, அதாவது சிஓ2 டேங்க் 30 டாலர். அழுத்தப்பட்ட காத்து டேங்க் 60 டாலர். ரெண்டும் ஒரே வேலையைத்தானே செய்யுதுன்னு 30 டாலர் டேங்கை எடுத்தேன். கையில இருந்தது செகண்ட் ஹேண்ட்ல வாங்கின எலெக்ட்ரானிக் மார்க்கர். தப்பு அங்கதான் ஆரம்பிச்சது.

சிஓ2 டேங்குக்குள்ள திரவமாத்தான் இருக்கும். அது ஆவியாகுற அழுத்தம்தான் குண்டைத் தள்ளுது. அந்த அழுத்தம் வெயிலைப் பொறுத்து மாறும். 20 டிகிரி செல்சியஸ்ல சுமார் 830 பிஎஸ்ஐ. 0 டிகிரியில சுமார் 500தான். 31 டிகிரியைத் தாண்டினா அது திரவமாவே இருக்காது, அழுத்தம் கிடுகிடுன்னு ஏறும். டெக்சாஸ் கோடையில 31 டிகிரி எல்லாம் காலையிலேயே வந்துடும். இன்னொரு பிரச்சினை, வேகமா சுட்டா டேங்க் சில்லுனு ஆகி அழுத்தம் குறையும். சில சமயம் திரவமே மார்க்கருக்குள்ள போயிடும். பழைய மெக்கானிக்கல் மார்க்கர் ஓரளவு தாங்கும். எலெக்ட்ரானிக் மார்க்கர்ல இருக்கிற சோலினாய்டு தாங்காது. என்னோடதும் தாங்கல.

காத்து டேங்க் வேற மாதிரி. உள்ள 3000 அல்லது 4500 பிஎஸ்ஐ வரைக்கும் காத்தை அடைப்பாங்க. வாயில ஒரு ரெகுலேட்டர் இருக்கும். அது பெரும்பாலும் 800 பிஎஸ்ஐ அளவுல ஒரே சீரா வெளிய விடும். அதனால ஒவ்வொரு குண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல போகும்.

இப்போ நம்ம வேலைக்கு வருவோம், கணக்கு. ஆறு மாசத்துல என் செலவு இது: சிஓ2 டேங்க் 30. தடவைக்கு 5 டாலர்னு ஆறு தடவை நிரப்பினது 30. சோலினாய்டு மாத்தினது 70. மொத்தம் 130. அதுக்கப்புறம் அந்த 60 டாலர் காத்து டேங்கை எப்படியும் வாங்கினேன். நான் ஆடின மைதானத்துல நுழைவுக் கட்டணத்துலயே நாள் முழுக்க காத்து ஃப்ரீ. அதாவது முதல் நாளே 30 டாலர் கூடப் போட்டிருந்தா ஆறே ஆட்டத்துல அந்த வித்தியாசம் திரும்பி வந்திருக்கும். நான் டேங்க் விலையை மட்டும் பார்த்தேன், நிரப்புற விலையைப் பார்க்கல. பிரிண்டர் சீப்பா வாங்கிட்டு இங்க் விலையைப் பார்த்து முழிக்கிறோமே, அதே கதைதான்.

சிஓ2 சுத்த வேஸ்ட்டுன்னு நான் சொல்லல. 20 அவுன்ஸ் சிஓ2 டேங்க்ல ஆயிரம் குண்டு வரைக்கும் சுடலாம். 3000 பிஎஸ்ஐ அடைக்கிற 48 கன அங்குல காத்து டேங்க்ல அதுல பாதிதான் வரும். காத்து நிரப்ப பெரிய கம்ப்ரஸர் வேணும், அது எல்லா ஊர்லயும் கிடையாது. பக்கத்துல கம்ப்ரஸர் இல்ல, ஃப்ரெண்டோட தோட்டத்துல ஆடுறீங்க, மார்க்கரும் மெக்கானிக்கல்னா சிஓ2 நியாயமான முடிவு. மைதானத்துல காசு கட்டி ஆடுறவங்களுக்கு என் ஓட்டு காத்துக்குத்தான்.

ஆனா அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. சொந்தமா வாங்கணுமா? நான் பார்த்த விலையில சாதாரண மார்க்கர் 120, காத்து டேங்க் 60, முகக்கவசம் 30, ஆக 210 டாலர். இது மூணுமே வாடகைக்கு ஒரு நாளைக்கு 20 டாலர். பத்து தடவைக்கு மேல ஆடினாத்தான் வாங்கினது லாபம். ப்ராஜெக்ட் முடிஞ்சு எப்போ ஊருக்குக் கிளம்பச் சொல்வாங்கன்னே தெரியாத நமக்கு, முதல் நாலஞ்சு தடவை வாடகைதான் புத்திசாலித்தனம். ஆசை அப்பவும் குறையலன்னா வாங்குங்க.

ஒரே ஒரு இடத்துல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க. பழைய டேங்க் வாங்கினா அதுல குத்தியிருக்கிற சோதனைத் தேதியைப் பாருங்க. அமெரிக்காவுல இந்த அளவு டேங்குகளை பொதுவா 5 வருஷத்துக்கு ஒரு தடவை நீர் அழுத்தச் சோதனைக்குக் கொடுக்கணும். தேதி தாண்டின டேங்கை ஒழுங்கான மைதானத்துல நிரப்பவே மாட்டாங்க. பாதி விலைக்குக் கிடைச்சாலும் வேண்டாம். அந்த அழுத்தம் உங்க முகத்துக்குப் பக்கத்துலதான் இருக்கப் போகுது.

கார்டைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி உங்க மைதானத்துக்கு ஒரு போன் போடுங்க. காத்து நிரப்புறீங்களா? எத்தனை பிஎஸ்ஐ வரைக்கும்? நுழைவுக் கட்டணத்துல சேர்த்தியா, தனியா? இந்த மூணு பதிலையும் பேப்பர்ல எழுதிட்டு, வருஷத்துக்கு எத்தனை தடவை போவீங்கன்னு மனசைத் தொட்டு ஒரு நம்பர் போடுங்க. எந்த டேங்க்னு அந்தப் பேப்பரே சொல்லிடும்.